அமிலமும் நுண்ணலையும்

இக்காலத்து ரசாயனப் பகுப்பாய்வுச் சாலை ஒன்றினுள் நுழைபவரின் கண்ணை முதலில் கவருபவை அங்கே வீற்றிருக்கும் அளவிடும் கருவிகளே. ஆர்கான் வாயுவை ஆறாயிரம் டிகிரிக்கும் மேலான பிளாஸ்மாச் சுடராக்கி, அதில் தூவப்பட்ட திரவத்திலுள்ள உலோகங்களை அணு அணுவாகப் பிரித்து, லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்கும் கணக்குச் சொல்லிவிடும் நிறை நிறமாலைமானி, தன் வேலையை ஓரிரு நிமிஷங்களில் முடித்துவிடுகிறது. ஆனால், இவ்வளவு சாமர்த்தியம் வாய்ந்த அந்த யந்திரத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு: தெளிந்த திரவத்தைத் தவிர வேறொன்றையும் அது ஏற்பதில்லை. அரிசியானாலும் மீனானாலும், ஆற்று வண்டலானாலும் மருந்து மாத்திரையானாலும், அதிலுள்ள கரிமப் பொருள் முழுவதும் எரிந்து போய், உலோகங்கள் மட்டும் ஒன்றும் குறையாமலும் ஒன்றும் கூடாமலும் நீரில் கரைந்து நிற்கும்படி யாராவது முன்கூட்டியே செய்து கொடுத்தாக வேண்டும். இந்த முன்வேலைக்கு ஒரு காலத்தில் பல மணி நேரமும், சில பாறைகளுக்குப் பல நாட்களும் செலவாயின; பகுப்பாய்வில் நேரும் பிழைகளில் பெரும்பகுதி பிறந்ததும், இன்றும் பிறப்பதும், இந்த இடத்திலேதான். அந்த வேலைக்கு நுண்ணலை வந்து சேர்ந்த வரலாற்றையும், அது மெய்யாகச் சாதித்தது எது, சாதித்ததாகப் பேசப்படுவது எது என்பதையும் ஒருங்கே வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய முறைகளுள் மிக எளியது, மாதிரியை மூசையில் இட்டு உலையில் வைத்துச் சாம்பலாக்குவது. அதில் அமிலச் செலவு இல்லை, ஆள் காவல் வேண்டியதில்லை. ஆயினும் பாதரசமும் ஆர்சனிக்கும் செலினியமும் அவ்வுஷ்ணத்தில் ஆவியாகிப் பறந்துவிடுகின்றன. உலை 500 டிகிரியைத் தாண்டினால் ஈயமும் காட்மியமும்கூட நிலைத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. மற்றொன்று, அடர்ந்த அமிலத்தில் இட்டு வெப்பத்தட்டின் மேல் காய்ச்சும் முறை. டென்மார்க்குத் தலைநகரில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுச்சாலையில் பணிபுரிந்த ஜோஹான் கெல்டால், 1883இல், தானியங்களின் நைட்ரஜனை அளப்பதற்குக் கொதிக்கும் கந்தக அமிலத்தைப் பிரயோகித்தது இவ்வகையில் பெயர் பெற்றது. உலோகங்களை அளப்பவர்களோ நைட்ரிக் அமிலத்தையே பெரிதும் விரும்பினார்கள். ஏனெனில் நைட்ரேட்டு உப்புக்கள் ஏறக்குறைய எல்லாமே நீரில் கரைபவை. ஆனால் அந்த அமிலம் திறந்த பாத்திரத்தில் 120 டிகிரியை ஒட்டிக் கொதித்து விடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு தீ மூட்டினாலும் உஷ்ணம் ஏறாது, அமிலந்தான் குறையும். கொழுப்பு மிகுந்த பதார்த்தங்கள் அந்த உஷ்ணத்துக்கு மசிவதில்லை. ஆகவே 200 டிகிரியை எட்டும் பெர்குளோரிக் அமிலத்தைத் துணைக்கு அழைத்தார்கள். அதுவோ கொழுப்போடும் சாராயத்தோடும் சேர்ந்தால் வெடிக்கும் குணம் உடையது.

மூடிய பாத்திரத்தில் காய்ச்சினால் கொதிநிலையை மீறலாம் என்ற உண்மை புதிதன்று. கேரியஸ் என்ற ஜெர்மானிய ரசாயனி, 1860ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே, மாதிரியையும் நைட்ரிக் அமிலத்தையும் கனத்த கண்ணாடிக் குழாயில் இட்டு, வாயை உருக்கி மூடி, உலையில் வைத்துச் சுட்டார். குழாய் வெடிக்கும் அபாயம் இருந்தபோதிலும், ஒன்றும் வெளியேறாமையாலும் உஷ்ணம் மிகுதியாலும் அம்முறை நெடுங்காலம் மதிப்புடன் வாழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டெஃப்லான் குவளையை எஃகுக் கூட்டுக்குள் வைத்துத் திருகி மூடும் கலங்கள் புழக்கத்துக்கு வந்தன. அவற்றின் குறை, உஷ்ணம் வெளியிலிருந்து எஃகையும், எஃகிலிருந்து டெஃப்லானையும், டெஃப்லானிலிருந்து திரவத்தையும் ஊடுருவிச் செல்லப் பல மணி நேரம் பிடித்ததே; டெஃப்லானோ வெப்பத்தைக் கடத்துவதில் பெரிய சோம்பேறி. பாத்திரத்தைச் சுடாமல் உள்ளிருக்கும் திரவத்தை மட்டும் சுட வழியுண்டா என்ற கேள்விக்கு விடை ரசாயனிகளிடமிருந்து வரவில்லை. யுத்த காலத்து ராடார் வேலையிலிருந்து வந்தது.

பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் ராண்டலும் பூட்டும் 1940இல் உருவாக்கிய, நுண்ணலையை எழுப்பும் குழிவு மாக்னெட்ரான், பகை விமானங்களைக் கண்டுபிடிப்பதற்காகப் பிறந்த கருவி. அமெரிக்காவில் ரேதியான் நிறுவனத்தில் அத்தகைய குழல்களோடு பழகிய பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் இருந்த தின்பண்டம் உருகிய கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டதாகையால், அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. நுண்ணலையால் உணவைச் சூடாக்குவதற்கு 1945இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1950இல் வழங்கப்பட்டது. 1967இல் மேஜைமேல் வைக்கும் அளவிலான அடுப்பு அமெரிக்க இல்லங்களுக்குப் போயிற்று. அவ்வடுப்பை அமிலக் குடுவைக்குப் பயன்படுத்திய முதல் குறிப்பிடத்தக்க முயற்சி 1975இல் வெளியாயிற்று: அபு-சாம்ரா, மாரிஸ், கோய்ர்டியோஹான் என்ற மூவர், உயிரியல் மாதிரிகளைத் திறந்த குடுவையில் அமிலத்தோடு வைத்து நுண்ணலையால் சூடாக்கிச் சில நிமிஷங்களில் கரைத்துக் காட்டினார்கள். ஆனால் அமில ஆவி அடுப்பின் உட்சுவரையும் மின்னமைப்பையும் அரித்துத் தின்றதால், சமையலறைக்கென்று செய்த பெட்டி இவ்வேலைக்கு நெடுநாள் தாங்குவதாயில்லை.

நுண்ணலை எவ்வாறு சூடாக்குகிறது என்பதைப் பற்றித் தவறான நம்பிக்கைகள் பல உலவுவதால், இவ்விடத்தில் சற்றே நிதானிப்பது நல்லது. இந்த அடுப்புக்கள் பெரும்பாலும் 2450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் அலைநீளத்தில், வேலை செய்கின்றன. அந்த அதிர்வெண் நீர் மூலக்கூறின் இயற்கையான அதிர்வோடு ஒத்திசைவதால் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று சொல்பவர்கள் உண்டு, அது சரியன்று. தந்தியில்லாச் செய்திப் போக்குவரத்துக்கு இடையூறு நேராதவண்ணம் தொழிலுக்கும் விஞ்ஞானத்துக்கும் மருத்துவத்துக்கும் என்று சர்வதேச உடன்பாட்டால் ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளுள் அது ஒன்று, அவ்வளவே. அலையின் மின்புலம் வினாடிக்கு 245 கோடி தடவை ஊசலாடும்போது, ஒரு முனையில் நேர்மின்னும் மறுமுனையில் எதிர்மின்னும் சற்றே மிகுந்த நீர் மூலக்கூறுகள் அப்புலத்தின் திசைக்கேற்பத் திரும்ப முயன்று, முழுதும் திரும்பிவிடுவதற்குள் புலம் மாறிவிடுவதால், பின்தங்கித் தடுமாறுகின்றன. அந்தத் தடுமாற்றத்தில் விழுங்கப்படும் சக்தியே உஷ்ணமாகிறது. அமிலத்திலுள்ள அயனிகளோ புலத்தால் இங்குமங்கும் இழுக்கப்பட்டு, வழியில் மற்றவற்றோடு மோதி, மேலும் உஷ்ணம் உண்டாக்குகின்றன. அயனிகள் நிறைந்த அமிலம் இவ்விரு வழியாலும் சூடேறுகிறது. டெஃப்லானும் குவார்ட்ஸும் நுண்ணலையை விழுங்காமல், சன்னற் கண்ணாடி வெயிலை விடுவதுபோல் உள்ளே விட்டுவிடுகின்றன. திரவம் நேரே சூடேறுவதும் பாத்திரம் பின்னரே அதனால் வெப்பமடைவதும் இதன் பயன்.

இவ்வலையின் ஒரு துணுக்குச் சக்தி, கரியணு இரண்டைப் பிணைக்கும் பந்தத்தை அறுக்கத் தேவையான சக்தியில் மூன்று லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகையால் நுண்ணலை மூலக்கூறுகளை வெட்டுகிறது என்பதும், அதற்கு உஷ்ணத்துக்கு அப்பாற்பட்ட ஏதோ விசேஷ சக்தி உண்டு என்பதும் கணக்கோடு ஒவ்வாத கூற்றுக்கள். 1986இல் கரிமத் தொகுப்பு வேதியியலில் நுண்ணலையின் உபயோகம் வெளிவந்த பிறகு, இந்த விசேஷ விளைவைப் பற்றிப் பல ஆண்டுகள் வாதம் நடந்தது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் கப்பேயும் அவருடைய குழுவினரும், நுண்ணலையைத் தானே விழுங்கிக்கொண்டு உள்ளிருக்கும் திரவத்துக்கு உஷ்ணத்தை மட்டும் கொடுக்கும் சிலிக்கான் கார்பைடு பாத்திரங்களைக் கொண்டு பரீட்சித்து, ஒரே உஷ்ணநிலையில், நுண்ணலை நேரே பட்ட திரவமும் படாத திரவமும் ஒரே பலனையே தந்ததைக் காட்டிய பிறகு, அவ்வாதத்தின் கூர் பெரிதும் மழுங்கிவிட்டது.

அப்படியானால் நுண்ணலையின் மேன்மைதான் என்ன? மேரிலாந்து மாநிலத்துக் கெய்தர்ஸ்பர்கில், அக்காலத்தில் தேசியத் தர நிர்ணயப் பணியகம் என்று வழங்கிய அரசாங்க ஆய்வுச்சாலையில், கிங்ஸ்டனும் ஜாஸியும் செய்து 1986இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை சொல்கிறது. அவர்கள் டெஃப்லான் இனத்துக் கலங்களை இறுக மூடி, அவற்றினுள் நடக்கும் உஷ்ணத்தையும் அழுத்தத்தையும் காய்ச்சும்போதே அளந்தார்கள். சாதாரண உலோக வெப்பமானியை நுண்ணலைப் பெட்டியினுள் நுழைத்தால் அது வானலைக்கம்பிபோல் அலையை ஏந்திப் பொறி பறக்கச் செய்யும். ஆகவே தக்க காப்புறையுடைய உணர்விகளும், பின்னர் ஒளியிழையில் வேலை செய்யும் வெப்பமானிகளும் வேண்டியிருந்தன. நைட்ரிக் அமிலம், மாவுப்பொருளை 140 டிகிரியை ஒட்டியும், புரதத்தை 150ஐ ஒட்டியும், கொழுப்பை 160ஐ ஒட்டியும் வேகமாகச் சிதைக்கத் தொடங்குவதை அவர்கள் கண்டார்கள். திறந்த குடுவையில் 120க்கு மேல் ஏற மறுத்த அதே அமிலம், மூடிய கலத்தில் 180ஐ எளிதில் எட்டியது. பத்து டிகிரி ஏறினால் ரசாயன வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்ற பழைய தோராய விதியை வைத்துப் பார்த்தால், அந்த 60 டிகிரி வித்தியாசம் அறுபது மடங்குக்கு மேற்பட்ட வேகமாகிறது. பெர்குளோரிக் அமிலத்தின் துணையும் பெரும்பாலான மாதிரிகளுக்கு இல்லாமற் போயிற்று.

இதில் எனக்கு மிகச் சுவையாகத் தோன்றும் நுட்பம் ஒன்றுண்டு. உலையில் சுடும் எஃகுக் கலத்தில் சுவரே அதிக வெப்பமுள்ள பகுதி. நுண்ணலைக் கலத்திலோ சுவர் திரவத்தைவிடக் குளிர்ந்தது. மேலெழும் அமில ஆவி அக்குளிர்ந்த சுவரில் பட்டு மீண்டும் துளியாகிக் கீழிறங்குகிறது. ஆவிநிலையிலுள்ள மூலக்கூறுகள் நுண்ணலையை அநேகமாக விழுங்குவதுமில்லை. ஆகவே அந்த உஷ்ணநிலைக்குப் புத்தகக் கணக்கின்படி இருக்கவேண்டிய அழுத்தத்தைவிடக் குறைந்த அழுத்தமே கலத்தினுள் நிலவுகிறது. எஃகுக்கூடு இல்லாமல், மெல்லிய சுவருடைய கலத்திலேயே 180 டிகிரியில் வேலை செய்ய முடிந்ததற்கு இச்சமநிலையின்மை ஒரு முக்கிய காரணம். பிற்காலத்தில் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள், குறிப்பாக ஸாவோ கார்லோஸில் நோப்ரெகாவின் குழுவினர், இந்தக் குளிர்ந்த மேற்பகுதியையே வேறொரு லாபத்துக்குப் பயன்படுத்தினார்கள். நைட்ரிக் அமிலம் கரிமப் பொருளை எரித்துத் தான் நைட்ரிக் ஆக்சைடாக மாறி மேலே செல்கிறது. அங்கே ஆக்சிஜன் இருந்தால் அது நைட்ரஜன் டை ஆக்சைடாகி, திரவத்துக்குத் திரும்பி, மறுபடியும் அமிலமாகிறது. ஆதலால் அடர்ந்த அமிலத்துக்குப் பதில் நீர்த்த அமிலமே பல தாவர மாதிரிகளுக்குப் போதும் என்பது தெளிவாயிற்று. அமிலம் குறைந்தால் அதிலுள்ள மாசும் குறையும். கருவிக்குச் செலுத்துமுன் நீர்விட்டுப் பெருக்க வேண்டிய அளவும் குறையும்.

நுண்ணலையால் பகுப்பாய்வுக்குக் கிடைத்த பெரிய லாபம் வேகமே என்று விற்பனைப் பிரசுரங்கள் சொல்லிக்கொண்டிருக்கின்றன. என் அபிப்பிராயத்தில் அது இரண்டாம்பட்சமானது. காய்ச்சுவது 15, 20 நிமிஷந்தான் என்றாலும், மாதிரியை எடைபோட்டு, அமிலம் வார்த்து, முதற்பொங்கல் அடங்கக் காத்திருந்து, மூடிகளை இறுக்கி, காய்ச்சியபின் கலங்கள் ஆறும்வரை பொறுத்து, புகைக்கூண்டினுள் மெதுவாகத் திறந்து பழுப்புநிற வாயுவைப் போக்கி, கடைசியில் எல்லாக் கலங்களையும் அமிலங்கொண்டு கழுவி முடிப்பதற்குள் கால் நாள் போய்விடுகிறது. உண்மையான லாபம், மாதிரி கரைந்த நிலைமையை ஓர் எண்ணாக எழுதிவைத்து, அதை எந்த ஊரில் எந்தக் கருவியிலும் திரும்ப உண்டாக்க முடிந்ததே. வெப்பத்தட்டு முறையில் “மிதமான சூட்டில் வற்றவிடுக” என்று எழுதினால், அந்த மிதம் ஆளுக்கு ஆள் மாறும். நுண்ணலை முறையும் தொடக்கத்தில் இக்குறைக்கு விலக்காக இருக்கவில்லை. “முழுச் சக்தியில் மூன்று நிமிஷம்” என்று எழுதிய காலம் ஒன்று இருந்தது. ஒருவருடைய பெட்டியின் முழுச்சக்தி மற்றவருடையதாகாது. அதற்குப் பரிகாரமாக, ஒரு கிலோகிராம் நீரை இரண்டு நிமிஷம் சூடாக்கி, ஏறிய ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 35 வாட் என்று கணக்கிட்டுப் பெட்டியின் மெய்யான சக்தியை அளக்கும் வழக்கம் வந்தது. பிறகு அதையும் கடந்து, சக்தியை எழுதுவதை விட்டு உஷ்ணநிலையையும் காலத்தையும் மட்டுமே எழுதும் வழக்கம் நிலைபெற்றது. இந்த மாற்றமே ஒரு கைவேலையை சாஸ்திரமாக்கியது என்று நான் கருதுகிறேன்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 3051 என்ற எண்ணுடைய விதிமுறை இதற்குத் தக்க உதாரணம். அரை கிராம் மண்ணுக்கு 10 மில்லிலிட்டர் நைட்ரிக் அமிலம். ஐந்தரை நிமிஷத்துக்குள் 175 டிகிரியை எட்ட வேண்டும். பத்து நிமிஷம் முடியும்வரை 170க்கும் 180க்கும் இடையே நிற்க வேண்டும். இதைப் படிக்கும் எவருக்கும் ஐயம் எழ இடமில்லை. ஆனால் இந்த முறையால் மண் முழுதும் கரைவதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். மணலும் களிமண்ணும் சிலிக்கேட்டுக்கள். நைட்ரிக் அமிலம் அவற்றைத் தொடுவதில்லை. மண்ணோடு ஒட்டியும் கலந்தும் கிடக்கும் உலோகங்களை மட்டுமே இது இழுத்து வருகிறது. முழுவதையும் கரைப்பதற்கு 3052 என்ற வேறொரு விதிமுறை உண்டு. அதில் 9 மில்லிலிட்டர் நைட்ரிக் அமிலத்தோடு வழக்கமாக 3 மில்லிலிட்டர் ஹைட்ரோபுளோரிக் அமிலம் சேர்ந்து சிலிக்கேட்டுச் சட்டகத்தையே உடைத்துவிடுகிறது. முதல் விதிமுறையால் கிடைத்த குரோமியத்தின் அளவையும் இரண்டாவதால் கிடைத்ததையும் பக்கத்தில் வைத்து, ஓர் ஊரின் மண் மற்றோர் ஊரினதைவிட அசுத்தமானது என்று தீர்ப்புக் கூறுவது பெரும் பிழை; இரண்டு கேள்விகளுக்கு வந்த இரண்டு விடைகள் அவை. ஹைட்ரோபுளோரிக் அமிலமோ தோலை ஊடுருவி எலும்புவரை சென்று உடலின் சுண்ணாம்புச் சத்தைப் பிணித்து உயிருக்கே உலைவைக்கக் கூடியது. கால்சியம் குளுக்கோனேட்டுக் களிம்பைக் கையெட்டும் தூரத்தில் வைக்காமல் அதைக் கையாளத் துணிபவர் பேதையே. கருவியின் கண்ணாடி உறுப்புக்களையும் அது அரிப்பதால், பின்னர் போரிக் அமிலத்தைச் சேர்த்து மீண்டும் ஒருமுறை காய்ச்சி அதை அடக்கும் வழக்கமும் உண்டு.

எந்த அமிலம் என்ற கேள்வி இன்னும் பல இடங்களில் தலைகாட்டுகிறது. நம்முடைய சித்த வைத்தியத்தில் வழங்கும் லிங்கம், ரசாயனத்தில் மெர்குரிக் சல்பைடு. தனி நைட்ரிக் அமிலத்துக்கு அது எளிதில் இளகுவதில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த ராஜ திராவகமே வேண்டும். அம்மருந்தில் பாதரசம் எவ்வளவு என்று அளப்பவர் இதை மறந்தால், கலத்தின் அடியில் பாதரசத்தை விட்டுவிட்டுத் தெளிந்த நீரை அளப்பார். ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தாராளமாகச் சேர்த்தால் வேறொரு தொல்லை: அதன் குளோரின் பிளாஸ்மாவின் ஆர்கானோடு கூடி, 75 என்ற நிறை எண்ணில், ஆர்சனிக் நிற்கவேண்டிய அதே இடத்தில் வந்து நின்று, இல்லாத ஆர்சனிக்கை உண்டென்று காட்டும். இக்காலத்துக் கருவிகள் ஹீலியம் வாயு நிரப்பிய மோதல் அறையால் இதைப் பெரிதும் வடிகட்டுகின்றன என்றாலும், அமிலத்தைத் தேர்ந்தெடுப்பவர் அளவிடும் கருவியையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

மீனிலுள்ள ஆர்சனிக்கின் கதை இதைவிடச் சிக்கலானது. கடல்மீனில் அது பெரும்பாலும் ஆர்சனோபீட்டைன் என்ற, உடலுக்குத் தீங்கற்றதாகக் கருதப்படும், கரிமச் சேர்மமாக இருக்கிறது. நைட்ரிக் அமிலத்தில் அதை முற்றிலும் உடைக்க 280, 300 டிகிரியளவு உஷ்ணம் வேண்டும். பிளாஸ்மாவில் அளப்பவருக்கு இது பெரிய பொருட்டன்று, சுடரே உடைத்துவிடும். ஆர்சனிக்கை ஹைட்ரைடு வாயுவாக்கி அளப்பவரோ, உடையாத பகுதியைக் காணாமலே குறைத்துச் சொல்லிவிடுவார். இத்தகைய கடினமான மாதிரிகளுக்காகவே, பல குப்பிகளை ஒரே எஃகு அறைக்குள் நிறுத்தி, மேலே நைட்ரஜன் வாயுவை முன்னதாகவே அழுத்தி நிரப்பி, சுமார் 200 வளிமண்டல அழுத்தத்தையும் 300 டிகிரியையும் தாங்கும்படி அமைத்த சாதனங்கள் பிற்காலத்தில் வந்தன. ஒவ்வொரு குப்பியிலும் வெவ்வேறு மாதிரியையும் வெவ்வேறு அமிலத்தையும் வைக்கலாம் என்பது அவற்றின் தனிச் சௌகரியம். விலையோ சிறு ஆய்வுச்சாலைகளுக்கு எட்டாதது.

அமிலமே ஆகாத மாதிரிகளும் உள்ளன. குளோரின், புரோமின், அயோடின் ஆகியவை அமிலக் கரைசலிலிருந்து ஆவியாகித் தப்பிவிடும். அவற்றை அளக்கவேண்டுமானால் காரமான திரவத்தில் பிடிக்க வேண்டும். பிரேசிலின் சாந்தா மரியாவில் ஃப்ளோரெஸும், கிராஸில் கினாப்பும், தத்தம் சகாக்களோடு 2004இல் வெளியிட்ட முறை, மாதிரியை அழுத்தமான ஆக்சிஜன் நிரம்பிய குவார்ட்ஸ் கலத்தில் வைத்து, அம்மோனியம் நைட்ரேட்டு நனைத்த காகிதத்தை நுண்ணலையால் பற்றவைத்து, சில வினாடிகளில் மாதிரியை எரித்து, எரிந்த வாயுவைக் கீழிருக்கும் திரவத்தில் உறிஞ்சச் செய்கிறது. கேரியஸின் குழாயும், மாதிரியை ஆக்சிஜனில் எரிக்கும் பழைய குடுவையும் இங்கே ஒன்றுசேர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. நுண்ணலையால் கரிமச் சேர்மங்களைச் சிதைக்காமல் பிரித்தெடுக்கும் துறை வேறொன்று உண்டு. 1986இல் ஹங்கேரியில் கான்ஸ்லரும் சகாக்களும் தொடங்கிய அது தனிக் கட்டுரைக்கு உரியது.

மருந்துத் துறையில் இம்முறைக்குக் கிடைத்த வெற்றி தாமதமானது, ஆனால் முழுமையானது. அமெரிக்க மருந்து நூலின் 231ஆம் அத்தியாயம், உலோகங்களைச் சல்பைடாக வீழ்த்தி, தோன்றும் நிறத்தை ஈயத்தின் நிறத்தோடு கண்ணால் ஒப்பிடும் சோதனையை நூறாண்டளவு காத்து வந்தது. மாதிரியைச் சுட்டுச் சாம்பலாக்கும்போதே பாதரசம் பறந்துவிடுவது தெரிந்தும் அது நீடித்தது, பழக்கத்தின் வலிமையன்றி வேறில்லை. 2018 ஜனவரி 1ஆம் தேதி முதல் அது நீக்கப்பட்டு, ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனி எல்லை வகுக்கும் 232ஆம், அதை அளக்கும் வழிகூறும் 233ஆம் அத்தியாயங்கள் அமலுக்கு வந்தன. எளிதில் கரையாத மருந்துகளுக்கு மூடிய கலத்தில் காய்ச்சுவதையே புதிய அத்தியாயம் ஆதரிக்கிறது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மூடிய கலத்தில் அரை கிராமுக்கு அதிகமாகக் கரிமப் பொருளை இடுவது அபாயம். எரிந்து வரும் கரியமில வாயுவும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் மூடியைப் பிளந்துவிடும். இதனால் ஒரு மூட்டை அரிசியின் தரத்தை அரை கிராம் மாவிலிருந்து தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அந்த அரை கிராம் மூட்டைக்கு உண்மையான பிரதிநிதியாக இருப்பது, அரைப்பவர், கலப்பவர், பங்கிடுபவர் ஆகியோரின் நாணயத்தைப் பொறுத்தது. மேலும், மாதிரியில்லாத வெறும் அமிலக் கலத்தையும், ஈயம் முதலியவற்றின் அளவு முன்பே நிச்சயிக்கப்பட்ட சான்று மாதிரியையும், ஒவ்வொரு தொகுதியோடும் சேர்த்துக் காய்ச்சாதவரின் எண்களுக்கு, கருவி எவ்வளவு உயர்ந்ததானாலும், மதிப்பில்லை.

ஆகவே, உணவிலோ குடிநீரடி வண்டலிலோ மருந்திலோ இன்ன உலோகம் இவ்வளவு என்று கூறும் அறிக்கை ஒன்று தம் கைக்கு வரும்போது வாசகர்கள் மூன்று விவரங்களைக் கேட்டுப் பெற வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்: எந்த அமிலம், எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம், அதே தொகுதியில் காய்ச்சிய சான்று மாதிரியில் நூற்றுக்கு எத்தனை பங்கு திரும்பக் கிடைத்தது. இம்மூன்றும் எழுதப்படாத அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடலாம்.